பிந்தாமல் கேளுங்கள்: வன்னியில் உதவி கேட்கும் முறை

ஆனி மாதச் சோழகம் அடித்துக்கொண்டிருந்த நேரம். இலங்கையின் வடக்கே, வன்னியில் விசுவமடுப் பக்கம் கால் ஏக்கரில் மிளகாய் வைத்திருந்தேன். நட்டு மூன்று கிழமைகூட ஆகவில்லை, தண்ணீர் இறைக்கும் மெசின் நின்றுவிட்டது. தருமபுரத்தில் அதைக் கழற்றிப் பார்த்தவர், "சாமான் யாழ்ப்பாணத்தில இருந்துதான் வரவேணும், ரெண்டு மூண்டு நாள் செல்லும்" என்றார். சரி, பொறுப்போம் என்று வந்துவிட்டேன். கிணற்றில் வாளியால் அள்ளி அள்ளி இரண்டு நாள் ஊற்றினேன். மூன்றாம் நாள் இடுப்பு நிமிரவில்லை. நாலாம் நாள் விடிய, பின்வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது.

"என்ன தம்பி, நாலு நாளா மெசின் சத்தத்தைக் காணேல்ல?"

விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ர மெசின் கொட்டிலுக்க சும்மா கிடக்கு. ஒருக்கா கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். என் வேலிக்கும் அவருடைய கொட்டிலுக்கும் இடையில் நாற்பது அடி இருக்கும். அதை நடக்காமல் விட்டதில் மூன்றில் ஒரு பங்கு கன்று கருகிப் போனது. அதன்பிறகு அந்த நாற்பது அடியை நடப்பதற்கு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இதில் பாதி அயலட்டையிடம் கற்றது, மீதி பட்டுத் தெளிந்தது.

முதலில், கால் ஏன் எழும்புவதில்லை?

எங்கள் ஆட்கள் கேட்டுப் பழகாதவர்கள் அல்ல. இரணைமடுக் குளத்தை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் தனியாக ஒருவனும் கமம் செய்யவில்லை. இன்றைக்கு உன் வளவில் வேலி, நாளைக்கு என் வளவில். அருவி வெட்டும் சூடடிப்பும் அப்படித்தான், ஆள் மாறி ஆள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே இருந்தவர்களுக்குச் சொந்தபந்தம் என்று பக்கத்தில் யாரும் இல்லை, அயல்தான் சொந்தம். கேட்காமல் வாழவே முடியாது என்ற நிலை.

2009 மே மாதம் முடிந்த போர் அதை மாற்றிவிட்டது என்று நினைக்கிறேன். இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் தண்ணீருக்கு ஒரு வரிசை, சோற்றுக்கு ஒரு வரிசை, மலசலகூடத்துக்கும் வரிசை. ஊருக்குத் திரும்பிய பிறகும் நிவாரண அட்டை, பதிவு, விண்ணப்பம், சாமான் தரும்போது ஒரு படம். அந்த வரிசையில் நின்றவர்கள், இனி யாரிடமும் கை நீட்டுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் தங்கள் காணிக்குள் கால் வைத்தார்கள். அதில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் நின்றவன். ஆனால் நிவாரணம் வேறு, ஒத்தாசை வேறு. நிவாரணத்தில் தருபவருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் இலக்கம்தான் தெரியும், அவருக்கு நீங்கள் திருப்பிச் செய்ய ஒன்றுமில்லை. ஒத்தாசையில் இரண்டு பேருக்கும் முகம் இருக்கிறது, முறை இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் நாங்கள் பக்கத்துப் படலைக்குப் போக வெட்கப்பட்டு, கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுக்கிறோம்.

படி 1: தேவையை ஒரு வசனத்தில் சொல்லிப் பாருங்கள்

"சரியான கஷ்டமா இருக்கு" என்பது உதவி கேட்பது அல்ல. எதிரில் இருப்பவர் "ஓம், எல்லாருக்கும் கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவரில் என்ன குறை? நீங்கள் அவரிடம் எதையும் கேட்கவில்லையே.

என்ன வேண்டும், எவ்வளவு, எப்போதிலிருந்து எப்போது வரை. இந்த மூன்றும் வரவேண்டும். நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "அண்ணை, நாளைக்கு விடிய ஆறு மணியில இருந்து எட்டு மணி மட்டும் உங்கட மெசின் ஒருக்கா வேணும். எண்ணெய் நான் ஊத்துறன்." கடைசி வசனத்தைக் கவனியுங்கள். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அதற்கு முன் மெசின் இரவல் கொடுப்பவர் எண்ணெய்க் கணக்குப் பார்ப்பது குறைவு. இப்போது பார்க்காமல் இருக்க முடியாது, ஆனால் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். நீங்களே சொல்லிவிட்டால் அவருக்குப் பெரிய பாரம் இறங்கும்.

வசனம் வந்தவுடன் உங்களிடம் ஒன்று கேளுங்கள்: இன்னும் ஒரு நாள் பொறுத்தால் என்ன ஆகும்? "ஒன்றும் ஆகாது" என்றால் நீங்களே இன்னொரு முறை முயன்று பாருங்கள். "நாளைக்கு இது இரண்டு மடங்காகும்" என்றால் இன்றைக்கே நடங்கள். இரண்டு மணித்தியாலம் மெசின் கேட்பது சின்ன உதவி. பயிர் அழிந்தபின் கடன் கேட்பது பெரிய உதவி. பிந்தினால் கேட்பவருக்கு மட்டுமல்ல, கொடுப்பவருக்கும் செலவு கூடுகிறது.

படி 2: ஆளைத் தெரிந்தெடுங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே ஆளிடம் போகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. யார் முகம் கொடுக்கிறாரோ அவர் தலையில் எல்லாம். கடைசியில் உங்கள் சைக்கிளைக் கண்டால் அவர் பின்பக்கத்தால் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒரு தாளை எடுத்து அயலில் யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். மெசின், லாண்ட்மாஸ்டர், ஏணி என்பவை மட்டுமல்ல. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்த ரீச்சர், சிங்களம் பேசத் தெரிந்த தம்பி, வயர் வேலை தெரிந்தவர், ஆஸ்பத்திரியில் எந்தக் கிளினிக் எந்த நாள் என்று மனப்பாடமாய்ச் சொல்லும் அக்கா. என் தாளில் பதினொரு பெயர் வந்தது. அதில் நான் எப்போதாவது கேட்டது மூன்று பேரிடம்தான்.

ஒரு எச்சரிக்கை. ஊர் வட்ஸ்அப் குழுவில் "யாராவது உதவ முடியுமா?" என்று போடுவதும் கேட்பதுதான், ஆனால் அறுபது பேரிடம் கேட்டால் ஒருவரிடமும் கேட்காதது போலத்தான். எல்லோரும் மற்றவர் செய்வார் என்று கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். இரத்தம் தேவை, மாடு காணவில்லை போன்றவற்றுக்குக் குழு சரி. மற்றதெல்லாம் பெயர் சொல்லி ஒருவரிடம்.

படி 3: போய் நிற்கும் விதமும் வாயில் வரும் சொல்லும்

நேரம் முக்கியம். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போகாதீர்கள். விளக்கு வைத்தபின் காசு, உப்பு, பால் கொடுக்காத வீடுகள் இன்னும் நிறைய உண்டு, வெள்ளிக்கிழமை காசு கொடுக்காத வீடுகளும் உண்டு. நீங்கள் நம்புகிறீர்களோ இல்லையோ, அவர்களை இக்கட்டில் விட வேண்டாம். சாப்பாட்டு நேரம் வேண்டாம். அவர்கள் வீட்டுக்கு வேறு ஆள் வந்திருக்கும்போதும் வேண்டாம், ஆட்களுக்கு முன்னால் கேட்டால் ஓம் என்று சொல்லத்தான் அவர்களால் முடியும். விடியத் தேநீர் குடிக்கிற நேரம், அல்லது பின்னேரம் வெயில் தாழ முற்றம் கூட்டுகிற நேரம் நல்லது.

படலையில் நின்று சைக்கிள் மணியை ஒருக்கா அடியுங்கள். உள்ளே போனதும் சுகம் விசாரிப்பதும் மழை எப்போது வரும் என்று பேசுவதும் எங்கள் வழக்கம், அதை விட முடியாது. ஆனால் தேநீர் குடித்து முடிவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுங்கள். முக்கால் மணித்தியாலம் ஊர்க்கதை பேசிவிட்டு, படலையைத் திறக்கும்போது "அதுசரி அண்ணை..." என்று தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் பேசியதெல்லாம் இதற்காகத்தானா என்று அவருக்குப் பட்டுவிடும்.

சொல்லுக்கு வருவோம். எங்கள் தமிழில் 'தயவுசெய்து' என்பது கடிதத்துக்கும் அறிவித்தல் பலகைக்கும்தான். வீட்டில் அதைச் செய்கிற சொல் 'ஒருக்கா'. "ஒருக்கா வாங்கோவன்", "ஒருக்கா பிடிச்சுவிடுங்கோ". 'ஒருக்கா' என்றால் இந்த ஒரு தடவை மட்டும், உங்களை அட்டை போல ஒட்டிக்கொள்ள மாட்டேன் என்று பொருள். மூத்தவரென்றால் அண்ணை, அக்கா, ஐயா என்று முறை சொல்லியே தொடங்குங்கள். வயதில் இளையவரிடம் கேட்கும்போதும் 'கொஞ்சம் செய்து தாரும்' என்ற மரியாதை குறையக் கூடாது. தம்பிதானே என்று அதிகாரம் பண்ணினால் தம்பி அடுத்த முறை காதில் வயரைச் செருகிக்கொண்டு திரும்பிப் பார்க்க மாட்டான்.

அப்புறம், மறுப்பதற்கு ஒரு வழி விட்டுவையுங்கள். "உங்களுக்கு வேலை இருந்தா பறவாயில்லை, நான் வேற ஆளையும் கேக்கலாம்" என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னபிறகு வருகிற 'ஓம்' தான் உண்மையான ஓம்.

மறுப்பைக் கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும். இங்கே முகத்துக்கு நேரே 'ஏலாது' என்று சொல்வது குறைவு. "பாப்பம்" என்றால் பெரும்பாலும் இல்லை. "பாத்துச் சொல்லுறன்" என்றால் அரைவாசி இல்லை, நாளைக்கு ஒருக்கா கேட்கலாம். "இவரைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" என்று அக்கா சொன்னால் அவரைக் கேட்கப் போவதில்லை. "எத்தினை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்டால் வேலை முடிந்தது. "பாப்பம்" என்றவரைத் துரத்திப் போகாதீர்கள், முகத்தையும் தூக்காதீர்கள். ஒரு கிழமைக்குள் வேறு ஒரு சாட்டில் போய் நன்றாகப் பேசிவிட்டு வாருங்கள், அப்போதுதான் அவருக்கும் மனம் லேசாகும்.

படி 4: காசு தனிக் கதை

மெசின் கேட்பது போலக் காசு கேட்க முடியாது. திருப்பித் தரும் திகதியைச் சொல்ல முடிந்தால் மட்டும் கைமாத்து கேளுங்கள். "நெல்லு வித்ததும் தாறன்" என்பது திகதி அல்ல. எந்த நாள் என்று சொல்லுங்கள், அந்த நாளுக்கு முதல் நாளே, காசு கிடைக்காவிட்டாலும், நேரில் போய்ச் சொல்லுங்கள். போனை எடுக்காமல் ஒளிப்பவர்களால்தான் ஊரில் கைமாத்துக்கு மதிப்புப் போனது.

கிழமைக்கடனில் மாட்டியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழுவாகப் பிணை நின்று எடுத்த நுண்கடன்கள் வன்னியில், அதிலும் பெண்கள் தனியாகக் குடும்பம் நடத்தும் வீடுகளில், எவ்வளவு அழிவு செய்தன என்று எல்லோருக்கும் தெரியும். 2018 இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. ஒரு கடனின் தவணை கட்ட இன்னொரு கடன் எடுக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால், அயலில் காசு கேட்காதீர்கள், அது அவர்களையும் சேர்த்து இழுக்கும். அப்போது கேட்க வேண்டியது வேறு: "அக்கா, இந்தப் புத்தகங்களையும் துண்டுகளையும் வச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் என்னோட இருந்து கணக்குப் பாப்பீங்களே?" மொத்தம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எதை முதலில் முடிப்பது என்று ஒரு தாளில் வந்தபிறகுதான் மற்றப் பேச்சு.

படி 5: கந்தோருக்குப் போகும்போது

கந்தோரில் நீங்கள் கேட்பது உதவி அல்ல, உங்களுக்கு உரியது. இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள், ஆனால் வாயில் வைக்காதீர்கள். குரல் உயர்ந்தால் கோப்பு கீழே போகும்.

தொடக்கம் விதானையார். இப்போது கிராம அலுவலர், ஜி.எஸ். என்கிறோம், முதியவர்களுக்கு இன்னும் விதானையார்தான். அவர் எந்த நாள் கந்தோரில் இருப்பார், பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் தினம் எந்த நாள் என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு போங்கள். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ளுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு வீண் பயணம் என்றால் ஒரு நாள் கூலி போனதாகத்தான் அர்த்தம்.

வாயால் சொன்னதை எழுத்தாக்குங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கேட்பது என்ன என்ற மூன்றும் முதல் ஐந்து வரிக்குள் இருக்க வேண்டும். குடும்ப வரலாறு எழுதாதீர்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் கிடைத்த திகதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பதிவுத் தபாலில் போடுங்கள். என் காணி விஷயத்தில் ஒரு கந்தோரில் "அப்படி ஒரு கடிதமே வரேல்ல" என்றார்கள். முத்திரை குத்திய பிரதியை எடுத்து மேசையில் வைத்தபிறகு கடிதம் கிடைத்துவிட்டது.

அதற்குமேலும் பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டால், தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். வேலிச் சண்டை, சின்னக் கடன் பிணக்கு என்றால் நீதிமன்றத்துக்கு ஓடுமுன் மத்தியஸ்த சபையை நினையுங்கள், 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நடப்பது, சட்டத்தரணி தேவையில்லை. வழக்கென்று வந்துவிட்டால், வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போது அதைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள்.

எழுதத் தெரியாது என்று பின்வாங்குபவர்களுக்கு: எழுதித் தரச் சொல்லிக் கேட்பதும் ஒரு உதவிதான். மாதர் சங்கத்தில் கேளுங்கள், உயர்தரம் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கு விண்ணப்பம் வந்தபோது எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் எல்லாம் நிரப்பிக் கொடுத்தாள்.

படி 6: முறையெல்லாம் பார்க்கக் கூடாத நேரம்

நெஞ்சு நோ, பாம்புக்கடி, விபத்து, பிரசவ வலி என்றால் மேலே எழுதிய ஒன்றும் வேண்டாம். 1990 ஐ அழுத்துங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். 'ஏன் அவையளுக்கு வீண் கரைச்சல், விடியட்டும்' என்று பொறுத்தவர்களை எனக்குத் தெரியும். யானை வளவுக்குள் வந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992, அதற்குமுன் பக்கத்து வீட்டுக்கு ஒரு சத்தம். பிள்ளைகளுக்குத் தீங்கு என்றால் 1929, பெண்களுக்கு 1938. அவசரமில்லாவிட்டாலும் சேர்த்து எழுதிவைக்க வேண்டியது 1920, பயிரில் நோய் பூச்சி என்றால் விவசாயத் திணைக்களத்தில் ஆலோசனை கேட்கலாம். இவற்றைப் போனில் போட்டது போதாது, குசினிச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். போன் சார்ஜ் இறங்கும் நாளில்தான் பாம்பு வரும்.

2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியபோது, இரவோடிரவாகத் தண்ணீர் ஏறிய வீடுகளில் முதலில் வந்தவர்கள் அயலட்டைதான். முதியவர் எந்த அறையில் படுக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது முன்பே கேட்டுக் கொடுத்துப் புழங்கியதால் தெரிந்தது.

படி 7: மனதுக்குள் இருப்பதைக் கேட்பது

இதை எழுதக் கை தயங்குகிறது. மெசின் கேட்கலாம், காசுகூடக் கேட்கலாம், "எனக்கு இரவில நித்திரை வருதில்லை, கொஞ்சம் கதைக்கலாமே" என்று கேட்பது இங்கே இன்னும் மலையைப் புரட்டுவது போலத்தான். ஒவ்வொரு வீட்டிலும் இழப்பு இருப்பதால், 'என்னுடையதை யாரிடம் போய்ச் சொல்ல' என்று விட்டுவிடுகிறோம்.

இதிலும் ஒரு வசனம் உதவும். கேட்பவருக்குப் பயம் என்னவென்றால், தன்னால் தீர்வு சொல்ல முடியாதே என்பது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தாக் காணும்." என் மாமி ஒருவர் மே மாதம் வந்தால் பேசமாட்டார். ஒரு வருடம் பக்கத்து வீட்டு அக்காவிடம், "பின்னேரத்தில வந்து என்னோட இருந்து பூக்கட்டுவீரே?" என்று மட்டும் கேட்டார். இருவரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. பூ மட்டும் கூடையாய்க் கூடையாய்ச் சேர்ந்தது.

அயலில் சொல்ல முடியாது, கதை பரவும் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 க்குப் போன் செய்யலாம். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவும் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால், அதை 1990 போன்ற அவசரமாகவே எடுங்கள், அந்த நிமிடமே பக்கத்தில் ஒரு ஆளைக் கூப்பிடுங்கள்.

படி 8: திருப்பிக் கொடுக்கும் முறை

இரவல் வாங்கிய மெசினை எண்ணெய் நிரப்பி, சேறு கழுவி, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். சட்டி பானை வாங்கினால் வெறுமையாகக் கொடுக்காதீர்கள், இரண்டு பச்சை மிளகாயாவது, ஒரு பிடி கச்சானாவது போட்டுக் கொடுங்கள். உழவு, வேலியடைப்பு போன்ற கைவேலைக்குக் காசு நீட்டினால் சிலருக்குக் கோபம் வரும், அவர்கள் வேலைக்கு நீங்கள் போய் நிற்பதுதான் கணக்கு. சிலருக்குக் காசு தேவை, வாங்கக் கூச்சம். "எண்ணெய்க்கு வச்சிருங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உடனே திருப்பிச் செய்ய வேண்டும் என்று அவசரப்படவும் வேண்டாம். பின்வேலி அண்ணையிடம் அந்த மிளகாய்க் காலத்தில் ஆறு தடவை மெசின் வாங்கியிருப்பேன். அவருக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அவரிடம் எல்லாம் இருந்தது. அடுத்த வருடம் ஒரு பின்னேரம் படலையடியில் யாரோ நிற்பது போல இருந்தது. மணிச்சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தால் அவர், கையில் ஒரு கோப்பு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"தம்பி, மகளுக்குக் கம்பசுக்குப் போடவேணும். எல்லாம் ஒன்லைனில எண்டுறாங்கள். உமக்கு நேரம் இருந்தா... ஒருக்கா..."

"உள்ளுக்க வாங்கோ அண்ணை, ஏன் வெளியில நிக்கிறியள்?"

"இல்லை, நீர் ஏதும் வேலையா இருப்பீரோ எண்டு." அவர் கோப்பைத் திறந்தார். கடைசித் திகதி மறுநாள்.